எழும்பூரிலிருந்து சென்ட்ரல், ஹவுராவிலிருந்து சியால்தா: இடைப்பட்ட தூரத்தைச் சைக்கிளில் கடக்கலாமா?

கல்லிடை மிதிவண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லிடைக்குறிச்சிக்காரன், பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விடியற்காலையில் அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் வரை சைக்கிளில் சென்று, படித்துறையில் குளித்துவிட்டுத் திரும்புவது என் அன்றாட வழக்கம். வருகிற பங்குனியில் டார்ஜிலிங் மலைச்சாலைகளில் ஒரு வாரம் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வாடகைச் சைக்கிளில் அன்று, பதினோரு ஆண்டுகளாக என்னைச் சுமக்கும் என் சொந்த கியர் சைக்கிளிலேயே ஓட்ட விரும்புகிறேன்.

பயணத் திட்டம் இதுதான். திருநெல்வேலியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் செல்வது. அன்று மாலை சென்ட்ரலில் ஹவுரா மெயில் பிடிப்பது. ஹவுராவில் இறங்கிச் சியால்தாவுக்கு மாறி, இரவு டார்ஜிலிங் மெயிலில் நியூ ஜல்பைகுரி சேர்வது. கன்னியாகுமரியிலிருந்து நம் ஊர் வழியாகவே ஹவுராவுக்கு வாரம் ஒரு வண்டி செல்கிறது என்பதை அறிவேன். அந்தக் கிழமை எனக்கு ஒத்துவரவில்லை, படுக்கையும் கிடைக்கவில்லை. ஆகவே அதில் ஏறச் சொல்லும் அறிவுரையை மட்டும் அன்புகூர்ந்து தவிர்த்துவிடுங்கள்.

ஆக, இரண்டு பெருநகரங்களில் ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்குச் சைக்கிளோடு மாற வேண்டியிருக்கிறது. எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் இடையே பெரிய தூரமில்லை என்பது தெரியும். ஆனால் சென்னையில் எனக்கு ஒரு முழுப் பகல் கையில் இருப்பதால், தாம்பரத்திலேயே இறங்கி நகரத்தை நெடுக்காகக் கடந்து சென்ட்ரல் வரை ஓட்டிப் பார்க்கலாமா என்ற எண்ணமும் உண்டு. சென்னையில் வேலை பார்க்கும் என் மகன், "அப்பா, பேசாமல் ஆட்டோவில் போங்கள்" என்கிறான். அவன் சைக்கிள் ஓட்டி இருபது வருடம் ஆகிறது. அதனால் ஓட்டுகிறவர்களிடமே கேட்டுவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

பாளை–குரோம்பேட்டை எழுதியது:

அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டைக்காரன். பதினைந்து ஆண்டுகளாகக் குரோம்பேட்டையில் குடியிருக்கிறேன். நீங்கள் கேட்கும் தாம்பரம்–சென்ட்ரல் சாலையில் வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டுகிறேன் என்பதால் பதில் சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

தூரம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். பாபநாசம் வரை தினமும் போய்வரும் கால்களுக்கு இது ஒரு பொருட்டே அன்று. மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சாலையும் குழப்பமானது அன்று. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையைப் பிடித்தால் குரோம்பேட்டை, பல்லாவரம், விமான நிலையம், கத்திப்பாரா, கிண்டி என்று வந்து, சின்னமலையைத் தாண்டி, மறைமலையடிகள் பாலத்தில் அடையாற்றைக் கடந்து, சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை வழியாக அண்ணா சாலையின் கடைக்கோடி வரை ஏறக்குறைய ஒரே கோட்டில் செல்லலாம். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ பாலத்தின் தூண்கள் வழித்துணையாக வரும். சின்னமலையைக் கடந்ததும் மெட்ரோ நிலத்துக்குள் இறங்கிவிடும், தூண்களும் மறைந்துவிடும். அண்ணா சாலையின் முடிவில், பெரியார் சிலைக்கு அருகில் பல்லவன் இல்லம் பக்கமாகத் திரும்பினால் சென்ட்ரல்.

ஆபத்து தூரத்தில் இல்லை, இடப்பக்கம் பிரியும் வழிகளில் இருக்கிறது. நாம் சாலையின் இடது ஓரத்தை ஒட்டிப் போகிறவர்கள். விமான நிலையத்துக்குள் நுழையும் கார்களெல்லாம் நம் முன்னால் குறுக்கே வெட்டித்தான் இடப்பக்கம் திரும்பும். அவசரத்தில் இருப்பவர்கள் ஒரு சைக்கிளுக்காக வேகத்தைக் குறைப்பதில்லை. மேம்பாலங்கள் தொடங்கும் இடங்களிலும் இதே கதைதான், பாலத்தில் ஏறுகிறவன் வலப்பக்கம் விலகுவான், கீழே போகிறவன் இடப்பக்கம் நெருக்குவான், நடுவில் நாம் நிற்போம். ஆகையால் என் விதி: எந்த மேம்பாலத்திலும் ஏறுவதில்லை, கீழ்ச்சாலையிலேயே செல்வது, பிரியும் இடத்துக்கு ஐம்பது அடி முன்னதாகவே பின்னால் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டிவிடுவது.

கத்திப்பாராவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் திருநெல்வேலி ஈரடுக்குப் பாலத்தைக் கட்டியவர்கள் கனரக வண்டிகளை மேல்தட்டிலும், சைக்கிளையும் இருசக்கர வண்டிகளையும் கீழ்த்தட்டிலும் பிரித்துவிட்டார்கள்; சந்திப்புப் பகுதியில் வளர்ந்த நாமெல்லாம் பாலம் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நம்பிப் பழகியவர்கள். கத்திப்பாராவில் அந்த நினைப்பு வேண்டாம். நான்கு திசைகளிலிருந்து வரும் வண்டிகள் சுற்றிச் சுழன்று இறங்கும் இடம் அது. எந்த வளைவிலிருந்து எது வரும் என்று உள்ளூர்க்காரனே ஒரு நொடி திகைப்பான். நான் அதற்கு முன்பே ஆலந்தூர் உட்சாலைகளுக்குள் நுழைந்து, கேட்டுக் கேட்டுக் கிண்டிப் பக்கம் வந்து சேர்ந்துவிடுவேன். பத்து நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும். (ஈரடுக்குப் பாலமும், அண்ணா சாலையில் நீங்கள் காணப்போகும் ஜெமினி மேம்பாலமும் ஒரே 1973ஆம் ஆண்டில் திறக்கப்பட்டவை. எனக்கு நம் ஊர்ப் பாலத்தின் மேல்தான் மதிப்பு அதிகம்.)

கிழமையையும் நேரத்தையும் பாருங்கள். வேலை நாளில் காலை எட்டு மணிக்கு மேல் இந்தச் சாலையில் ஓட்டச் சொல்லி என் பகைவனிடம்கூடச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இதே சாலை வேறு சாலை. சனிக்கிழமை இரவு நெல்லையில் ஏறுவதுபோல் அமைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கடைசியாக நான் சென்றபோது சைதாப்பேட்டைக்கும் தேனாம்பேட்டைக்கும் இடையே மேல்மட்டச் சாலைப் பணி நடந்துகொண்டிருந்தது. தடுப்புகளால் சாலை குறுகி, ஓரத்தில் மண் குவிந்து கிடந்ததால் அந்த ஒரு பகுதியில் மட்டும் இறங்கித் தள்ளினேன்.

வள்ளியூர் மடிப்பு எழுதியது:

ஐயா, மடக்கு சைக்கிள் ஒன்று வாங்கிவிடுங்கள். இருபது அங்குலச் சக்கர வண்டியை மடித்து உறைக்குள் போட்டால் கைச்சுமையோடு சுமையாகப் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். பார்சல் அலுவலகத்தின் பக்கமே போக வேண்டாம், தாம்பரத்திலும் இறங்கலாம், எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம். நான் மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் சென்னை சென்று வருகிறேன்.

சந்திப்புச் சக்கரம் எழுதியது:

மடக்கு சைக்கிள் நல்ல யோசனைதான், ஆனால் அண்ணாச்சி ஏறப்போவது டார்ஜிலிங் மலை. சிறிய சக்கரமும் குறைந்த கியரும் கொண்டு, சுமையோடு அந்த ஏற்றங்களில் ஒரு வாரம் மிதிப்பதற்கு அறுபது வயதில் வேறு பிடிவாதம் வேண்டும். தவிர, பயணிகள் பெட்டிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி போன்ற பொருள்களுக்கு 100 × 60 × 25 சென்டிமீட்டர் என்று ஓர் அளவு விதிக்கப்பட்டிருக்கிறது. இருபது அங்குலச் சக்கர வண்டிகளில் பெரும்பாலானவை மடித்த பிறகும் 25 சென்டிமீட்டர் தடிமனுக்குள் அடங்குவதில்லை. வள்ளியூர்ச் சகோதரியிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை என்றால் அது அவருடைய நல்ல நேரம்.

அண்ணாச்சி, பாளைக்காரர் சாலையைப் பற்றி எழுதிய அனைத்தும் சரி. ஆனால் உங்கள் பயணத்தின் கடினமான பகுதி சாலையில் இல்லை, ரயிலில் சரக்கு ஏற்றும் பெட்டியான பிரேக் வேனில் இருக்கிறது. நான் ஏழெட்டு முறை சைக்கிளை ரயிலில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். சாலையில் இழந்த நேரத்தைவிடப் பார்சல் அலுவலக வாசலில் இழந்த நேரம் பல மடங்கு. எனவே உங்கள் கால அட்டவணையை அங்கிருந்து தொடங்கி எழுதுங்கள்.

சைக்கிளை அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால் நீங்கள் செல்லும் அதே வண்டியில் வரும். பார்சலாகப் பதிந்தால் இடம் இருக்கும் வண்டியில் எப்போது வேண்டுமானாலும் வரும். உங்களுக்கு வேண்டியது முதலாவது. கவுண்டரில் நிற்கும்போது "லக்கேஜ், நான் போகிற வண்டியிலேயே" என்று இருமுறை சொல்லுங்கள். படுக்கை வகுப்புக்கு 40 கிலோ இலவசம் என்ற கணக்கைச் சைக்கிளுக்குக் காட்ட முடியாது; சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு அந்தச் சலுகை பொருந்தாது, தனிக் கட்டணம் உண்டு. வண்டி புறப்பட அரை மணி நேரம் முன்னதாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நில்லுங்கள் என்பது என் அனுபவம். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வரும் பாசஞ்சரை நம்பிக் கடைசி நேரத்தில் வந்து இறங்கிவிடாதீர்கள். நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று வந்தே பாரத் வண்டியையும் நினைக்க வேண்டாம். அதில் பிரேக் வேனே கிடையாது.

இப்போது தாம்பரம். நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்றாலும், நிற்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் நீங்கள் உங்கள் பெட்டியிலிருந்து ஓடிவந்து, பிரேக் வேனைத் திறக்கச் செய்து, மூட்டைகளுக்கு அடியில் கிடக்கும் சைக்கிளை இறக்க வேண்டும். ஒருமுறை இடைநிலையம் ஒன்றுக்குப் பதிந்துவிட்டு, என் சைக்கிள் என்னைத் தாண்டிப் போவதை நடைமேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது மறுநாள் திரும்பி வந்தது, கண்ணாடி இல்லாமல். அன்றிலிருந்து வண்டி முடியும் நிலையத்துக்கு மட்டுமே பதிகிறேன். நாகர்கோவிலிலிருந்து நம் ஊர் வழியாகச் செல்லும் அந்தியோதயா தாம்பரத்தோடு முடிகிறது என்றாலும், அதில் எல்லாப் பெட்டிகளும் முன்பதிவில்லாதவை. இரவெல்லாம் உட்கார்ந்து வந்து காலையில் 28 கிலோமீட்டர் மிதிப்பது உங்களுக்கு வேண்டாம்.

நெல்லையிலிருந்து ஹவுராவுக்கு ஒரேயடியாகப் பதிந்துவிடும் ஆசையும் வரக்கூடும். எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு மாற்றும் வேலை அப்போது நம் கையில் இராது; நீங்கள் ஹவுராவிலும் சைக்கிள் சென்னையிலுமாக இருப்பீர்கள். ஒவ்வொரு கட்டமாகப் பதிந்து, ஒவ்வொரு முடிவிலும் கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுவது பற்றி: பெடல்கள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இடது பெடலின் மறை எதிர்த்திசையில் இருக்கும்; அது தெரியாமல் முறுக்கி ஸ்பேனரை வளைத்தவர்கள் நம்மில் உண்டு. ஹேண்டில்பாரைத் தளர்த்தி, சட்டத்துக்கு இணையாகத் திருப்புங்கள். சங்கிலியைப் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றிவைத்தால் கியர் மாற்றும் கருவி உட்பக்கமாக ஒடுங்கிக்கொள்ளும். மூட்டை விழுந்தாலும் முதல் அடி அதன்மேல் விழாது. டிஸ்க் பிரேக் என்றால் தகட்டுக்கு இரண்டு பக்கமும் அட்டை கட்டி, சக்கரத்தைக் கழற்றுவதாயின் பிரேக் கட்டைகளின் இடையில் ஓர் அட்டைத் துண்டைச் செருகுங்கள். அதன்மேல் பழைய போர்வை, அதன்மேல் கோணிச்சாக்கு, சணல் கயிறு. பெயர், புறப்படும் நிலையம், சேரும் நிலையம், கைப்பேசி எண் ஆகியவற்றை இரண்டு பக்கமும் பெரிதாக எழுதுங்கள். சீட், விளக்கு, காற்றடிக்கும் பம்பு, கருவிப் பை ஆகியவை உங்கள் கையோடு இருக்கட்டும்.

இந்தக் கட்டை எழும்பூரில் பிரித்து, சென்ட்ரலில் மறுபடி கட்ட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பிரிக்க அரை மணி, கட்ட ஒரு மணி. இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவதற்கு இவ்வளவு வேலையா என்று தோன்றினால், மூட்டையை அப்படியே ஒரு சிறு சரக்கு ஆட்டோவில் போட்டுக் கொண்டுசெல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. மகன் சொன்னதும் முற்றிலும் தவறில்லை.

பாளை–குரோம்பேட்டை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். தாம்பரத்தில் பிரேக் வேன் திறப்பதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நான் வீட்டு வாசலிலிருந்து ஓட்டுகிறவன். அப்படியானால் அண்ணாச்சி எழும்பூரிலேயே இறங்கட்டும், ஆனால் நேராகச் சென்ட்ரலுக்குப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கடற்கரைச் சாலைக்குச் சென்று, சாந்தோம் வரை ஓட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சென்ட்ரல் வந்துவிடலாம். பிரிப்பதற்கும் கட்டுவதற்கும் ஒரு பொருள் கிடைக்கும்.

எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு நேர்வழி வேண்டுமென்றால், நிலையத்தின் பின்வாசல் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் திறக்கிறது. நீங்கள் கிழக்கே போக வேண்டியவர், ஆனால் வெளியே வரும்போது சாலையின் தென்புறத்தில் நிற்பீர்கள். எதிர்த்திசையில் ஓட்டிச் சமாளிக்கப் பார்க்காமல், இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர்களோடு சாலையைக் கடந்துவிடுங்கள். அதன்பின் இடது ஓரமாகவே ரிப்பன் மாளிகையைத் தாண்டினால் சென்ட்ரல் அதே கைப்பக்கம் வந்துவிடும். சென்ட்ரலின் பார்சல் அலுவலகத்தைப் பயணிகள் வாசலில் தேடாதீர்கள். முதலில் விசாரித்துக்கொண்டு பிறகு மூட்டையைத் தூக்குங்கள்.

நம் ஊர் வண்டி ஏன் சென்ட்ரலுக்குப் போவதில்லை என்று சிறுவயதில் என் தாத்தாவிடம் கேட்டதுண்டு. சென்ட்ரல் 1873இல் அகலப்பாதைக்காகவும், எழும்பூர் 1908இல் தெற்கே செல்லும் மீட்டர்பாதைக்காகவும் வெவ்வேறு கம்பெனிகள் கட்டிய நிலையங்கள். தண்டவாளங்களின் இடைவெளியே வேறு. இன்று எல்லாம் அகலப்பாதையான பிறகும் தென்மாவட்டத்துக்காரன் எழும்பூரில் இறங்கி மூட்டையைச் சுமந்து சென்ட்ரலுக்கு ஓடுவது நிற்கவில்லை.

சங்கரன்கோவில்–கொல்கத்தா எழுதியது:

ஹவுராவைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். வேலை நிமித்தம் ஆறு ஆண்டுகள் கொல்கத்தாவில் இருந்தவன்.

சென்னையைவிட வரைபடத்தில் இது எளிது. ஹவுரா நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஹவுரா பாலம். பாலத்தைக் கடந்தால் மகாத்மா காந்தி சாலை தொடங்குகிறது. அந்தச் சாலை கிழக்கே நேராகச் சென்று சியால்தாவில் முடிகிறது. மொத்தம் நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் இராது. ஒரு திருப்பம்கூட இல்லை. ஆனால் அந்த நேர்ச்சாலை போவது புர்ராபஜார் வழியாக. பாளையங்கோட்டைச் சாலையும் டவுன் ரதவீதியும் தீபாவளிக்கு முந்தைய நாளில் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படியிருக்குமோ, அது அங்கே சாதாரணச் செவ்வாய்க்கிழமை. தலைச்சுமைக்காரர்கள், தள்ளுவண்டிகள், கைரிக்ஷாக்கள் எல்லாம் உங்கள் சைக்கிளுக்கு வழிவிட நிற்க மாட்டார்கள். நிற்க அவர்களால் முடியாது, தலையில் இருக்கும் பாரம் அப்படி.

இன்னொன்று முக்கியம். கொல்கத்தாவில் பல முதன்மைச் சாலைகளில் சைக்கிளுக்குப் போலீஸ் தடை உண்டு. 2013இல் தடைசெய்யப்பட்ட சாலைகளின் எண்ணிக்கையை 174 வரை கூட்டியபோது, பால்காரர்களும் செய்தித்தாள் போடுகிறவர்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பிறகு தளர்த்தினார்கள், மாற்றினார்கள். எந்தச் சாலையில் எந்த நேரத்தில் செல்லலாம் என்பதை அங்கே நிற்கும் காவலரிடம் கேட்டுவிடுவதே நல்லது. ஏறி ஓட்டினால்தான் தகராறு. தள்ளிக்கொண்டு நடக்கிறவரை யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

நான் அண்ணாச்சியாக இருந்தால் ஹவுரா பாலத்தை ஓட்டிக் கடக்கவே மாட்டேன். 1943இல் திறந்த அந்தப் பாலத்தின் இரண்டு பக்கமும் நடப்பவர்களுக்கு அகலமான பாதை இருக்கிறது. அதிலும் கூட்டம் பிதுங்கும், ஆனால் தள்ளிக்கொண்டு போக முடியும். கீழே மல்லிக் காட் பூச்சந்தை தெரியும். தோவாளைச் சந்தையைப் பார்த்தவர்களுக்கும் அது கண்கொள்ளாக் காட்சிதான். கூட்டம் பிடிக்காவிட்டால் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை இருக்கிறது. சைக்கிளுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு ஹூக்ளியைக் கடக்கலாம். அக்கரையில் உள்சாலைகள் வழியாகக் கிழக்கே சென்றால் சியால்தா. உங்களுக்கு இரவு வண்டிதான் என்பதால் அவசரமே இல்லை. 2025 ஆகஸ்டிலிருந்து ஹவுராவிலிருந்து சியால்தாவுக்கு ஆற்றுக்கு அடியில் மெட்ரோவே நேராகச் செல்கிறது. சைக்கிள் இல்லாதவர்களுக்கு இனி இந்தக் கவலையே கிடையாது.

கல்லிடை மிதிவண்டி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தாம்பரத்தைக் கைவிட்டுவிட்டேன். சைக்கிள் என்னைத் தாண்டிப் போகும் காட்சியை நினைத்தாலே அடிவயிறு கலங்குகிறது. சனிக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் படுக்கை இருக்கிறது. எழும்பூர் வரை லக்கேஜாகப் பதிந்து, அங்கே பிரித்து, கடற்கரைச் சாலை வரை ஓட்டிவிட்டு, பத்து மணிக்கெல்லாம் சென்ட்ரலுக்குச் சென்று நிதானமாகக் கட்டப்போகிறேன். கோணியும் சணலும் இங்கிருந்தே இரண்டாவது முறைக்கும் சேர்த்து எடுத்துச் செல்கிறேன். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தேடி அலைய முடியாது. ஹவுராவில் படகு. டார்ஜிலிங் மெயிலுக்குக் கட்டுவது மூன்றாவது முறை, அதற்குள் கை பழகிவிடும்.

வள்ளியூர்ச் சகோதரிக்கு: மடக்கு சைக்கிளை நான் குறைவாக நினைக்கவில்லை. என் மனைவி அந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தனக்கு ஒன்று வேண்டும் என்கிறார்.

ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. இளமையில் வண்ணார்பேட்டைப் பக்கம் இரவில் விளக்கில்லாமல் ஓட்டியதற்காக ஒரு காவலர் என் சைக்கிளின் காற்றைப் பிடுங்கிவிட்டு நடக்க வைத்தார். அதிலிருந்து விளக்கில்லாமல் நான் ஓட்டுவதில்லை. என் முன்விளக்கு ஹேண்டில்பாரோடு இறுக்கப்பட்டது. அதையும் கழற்ற வேண்டுமா, சாக்குக்குள் அப்படியே விடலாமா?

சந்திப்புச் சக்கரம் எழுதியது:

கழற்றிவிடுங்கள், அண்ணாச்சி. என் கண்ணாடியும் இறுக்கப்பட்டதுதான்.